குரங்குக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கலாமா?

வால்பாறையிலிருந்து சோலையாறு வழியாக மளுக்கப்பாறைக்குப் போகும் சாலையோரத்தில் குரங்கின் மலத்தில் புழு கிடப்பதைப் பார்ப்பவருக்கு, அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரையை ஒரு வாழைப்பழத்தில் பொதிந்து போட்டுவிடலாமே என்று தோன்றக்கூடும். இரக்கத்தில் பிறந்த எண்ணம்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் நாம் செய்யக்கூடிய தவறுகளில் இதுவே பெரியது. அந்த மாத்திரையில் உள்ள 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் என்ற மருந்து மனிதருக்கான அளவு. போட்ட பழம் நோயுற்ற குரங்கைச் சேராது, கூட்டத்தில் வலுத்த கடுவனே அதைப் பறித்துக்கொள்ளும். சினையான மந்தி தின்றால் கருவுக்குக் கேடு நேரலாம். அரைகுறை அளவில் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத புழுக்கள் பெருகும். சிங்கவால் குரங்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்பதால், அதற்கு மருந்து தருவது வனத்துறையின் கால்நடை மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய காரியம்.

மருந்து பலித்தாலும் பயன் நிலைக்காது, ஏனெனில் புழுவின் பாதி வாழ்க்கை மண்ணில் நடக்கிறது. மலத்தோடு விழும் சாட்டைப்புழுவின் முட்டை, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஏறத்தாழ 2 முதல் 4 வாரங்கள் முதிர்ந்த பிறகே தொற்றும். கொக்கிப்புழுவின் இளம்புழுவோ பெரும்பாலும் தோலைத் துளைத்து உள்ளே புகும். தேயிலைக்கு நடுவே துண்டாகிப்போன சோலையில் வாழும் கூட்டம் அதே மரங்களுக்கும் அதே குப்பைமேட்டுக்கும் திரும்பத் திரும்ப வருவதால், குடல் சுத்தமான குரங்கும் சில வாரங்களில் மீண்டும் தொற்றுக்கு ஆளாகிறது. ஆனைமலையின் துண்டுச் சோலைகளில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, மனித நடமாட்டம் மிகுந்த இடங்களில் வாழும் சிங்கவால் குரங்குகளிடம் ஒட்டுண்ணிச் சுமை கூடுதலாக இருப்பதைக் காட்டியது. ஆகவே, குரங்கிடமிருந்துதான் நமக்கு நோய் வருகிறது என்று ஒருபக்கமாக நினைப்பதும் பிழை. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் பின்புறம் திறந்து கிடக்கும் எச்சில் சோறும், காட்டோரத்தில் மலம் கழிப்பதும், வண்டியை நிறுத்திச் சுற்றுலாப் பயணிகள் வீசும் தின்பண்டமுமே முதலில் நிறுத்தப்பட வேண்டியவை.

ஆய்வுக்காகக் குரங்கின் மல மாதிரி சேகரிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டியவையும் உண்டு. புழு நாள்தோறும் ஒரே அளவில் முட்டையிடுவதில்லை. எனவே ஒரே ஒரு மல மாதிரியில் முட்டை காணப்படாததை வைத்து அந்தக் குரங்குக்குத் தொற்றில்லை என்று எழுதக் கூடாது. முட்டையின் எண்ணிக்கையைப் புழுவின் எண்ணிக்கையாகக் கொள்வதும் தவறு. மண்ணில் தானாக வாழும் புழுக்கள் கலந்துவிடும் என்பதால், தரையில் பட்ட பகுதியை விலக்கி உள்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். ஃபார்மலினில் இட்ட மாதிரி முட்டையின் வடிவத்தைக் காக்கும், மரபணுச் சோதனைக்கு உதவாது. அதற்கு ஆல்கஹாலில் தனியாக ஒரு பங்கு வைக்க வேண்டும்.

மெலிந்த குரங்கையெல்லாம் புழு நோயாளி என்று கொள்ள வேண்டியதில்லை. புழு இருந்தும் வெளியே அறிகுறி காட்டாதவை பல. குரங்கு இறந்து கிடந்தால் மட்டும் அருகே போகாமல் உடனே வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அது குரங்குக் காய்ச்சலால் இறந்ததாக இருக்கலாம். வயநாட்டிலும் கண்டறியப்பட்ட இந்தக் காய்ச்சல் உண்ணியால் பரவுவது. அதற்கும் குடற்புழுவுக்கும் தொடர்பில்லை, பூச்சி மாத்திரை அதற்கு மருந்துமல்ல.