நாக்கடியில் வைக்கும் மாத்திரை: சறுக்குவது எங்கே?

ஹெராயினையோ டேபென்டடால் போன்ற வலி மாத்திரையையோ விட்டவர்களின் தவிப்பை அடக்கத் தரும் மருந்துகளில், நாக்கடியில் வைக்கும் பியூப்ரெனார்பின் முக்கியமானது. நல்ல மருந்துதான். ஆனாலும் முதல் வாரத்திலேயே கைவிடுகிறவர்கள் உண்டு. எடுத்த நேரமும் எடுத்த விதமும்தான் பெரும்பாலும் காரணம். 'வேளை தவறாதீர்கள்' போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை இங்கே சொல்லவில்லை.

அவசரப்பட்ட முதல் மாத்திரை

இதைப் பார்க்கும்போதுதான் ஆற்றாமையாக வருகிறது, ஏனென்றால் முழுக்கத் தவிர்க்கக்கூடிய தவறு இது. மூளையில் ஹெராயின் ஒட்டும் அதே இடங்களில் பியூப்ரெனார்பின் இன்னும் இறுக்கமாக ஒட்டும், ஆனால் ஹெராயின் அளவுக்கு வேலை செய்யாது. ரத்தத்தில் ஹெராயின் இருக்கும்போதே இதை வைத்தால், அதைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்துகொள்ளும். ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு, குளிர் நடுக்கம், எலும்பு வலி எல்லாம் ஒரேயடியாக வரும்.

வழக்கமாக நடப்பது இதுதான். இரவு 11 மணிக்குக் கடைசியாக எடுத்தவரை வீட்டார் காலை 7 மணிக்கே அழைத்து வருவார்கள். அம்மா பக்கத்தில் நிற்பார். அவர் முன்னால் உண்மையைச் சொல்ல முடியாமல், "நேத்து மத்தியானத்தோட சரி" என்பார் வந்தவர். மாத்திரை வைத்த கொஞ்ச நேரத்தில் சுருண்டு படுப்பார். "இந்த மருந்தே எனக்கு ஒத்துக்கல" என்று அன்று மாலையே பழைய சரக்கைத் தேடிப் போவார். அதன்பின் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் இந்த மாத்திரையைத் தொடவே மாட்டார். கடைசியாக எப்போது எடுத்தார் என்பதை வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும்.

கடைசியாக எடுத்தது ஹெராயின், சாதாரண டேபென்டடால் என்றால் முதல் மாத்திரைக்குக் குறைந்தது 12 மணி நேரம் பொறுக்க வேண்டும், சிலருக்கு 24. நெடுநேரம் உடம்பில் தங்கும் மெத்தடோன் என்றால் 24 முதல் 72 மணி நேரம். கடிகாரம் மட்டும் போதாது, உடம்பையும் பார்க்க வேண்டும்: விரிந்த கண்மணி, அடுக்கடுக்காகக் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, நிலைகொள்ளாத கால்கள். 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்று உண்டு. அதில் 8 முதல் 12 வந்த பிறகு தொடங்குவது வழக்கம். முதலில் 2 அல்லது 4 மி.கி. ஒன்றிரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, தவிப்பு அடங்கவில்லை என்றால் மறுபடி. முதல் நாள் மொத்தம் பொதுவாக 8 மி.கி.க்குள் இருக்கும். பிறகு பலருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 16 மி.கி.யில் நிலைக்கும்.

மீறி இந்தத் தவறு நடந்துவிட்டால் மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள். தவிப்பைக் குறைக்கும் குளோனிடின், வாந்தி நிறுத்தும் மருந்து, சிலருக்குக் கூடுதல் பியூப்ரெனார்பின் என்று கொடுத்துச் சமாளிக்கலாம்.

விழுங்கிவிடுவது

விழுங்கினால் பெரும்பகுதியை ஈரல் சிதைத்துவிடும். தண்ணீரால் வாயை நனைத்து, மாத்திரையை நாக்கடியில் வைத்து, 5 முதல் 10 நிமிடம் பேசாமல், எச்சில் விழுங்காமல் இருங்கள். "எனக்கு டோஸ் பத்தல" என்கிறவரைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் நிமிடமே தொண்டை ஏறி இறங்கும். கரைந்ததும் தண்ணீரால் வாயைச் சுழற்றி விழுங்கவும். பல் தேய்க்க ஒரு மணி நேரம் பொறுங்கள். இந்த மாத்திரையால் பல் கெடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022-இல் எச்சரித்தது.

கூடவே குடி, தூக்க மாத்திரை

சேர்த்து எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம்.

நால்ட்ரெக்சோனும் இதே மாதிரிதான் என்று நினைப்பது

இல்லை. அது ஓபியாய்டுகளின் (ஹெராயின், டேபென்டடால், பியூப்ரெனார்பின் போன்றவை) வேலையைத் தடுக்கும் மருந்து. ஓபியாய்டு எதுவும் எடுக்காமல் 7 முதல் 10 நாள் கழிந்த பிறகே அதைத் தொடலாம்.

"தேறிட்டானே, இன்னும் எதுக்கு மாத்திரை?"

தேறியிருப்பதே மாத்திரையால்தான். திடீரென்று நிறுத்தினால் தவிப்பு திரும்பும், பழைய அளவைத் தாங்கும் சக்தி மட்டும் திரும்பாது. முன்பு தாங்கிய அதே அளவு ஹெராயின் இப்போது உயிரை எடுத்துவிடலாம். குறைப்பதாக இருந்தால் மருத்துவர் மேற்பார்வையில், மாதக்கணக்கில், சிறிது சிறிதாக. எழுப்பினால் எழாமல், உதடு நீலம் பூத்து, மூச்சு விட்டுவிட்டு வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வண்டி வரும்வரை கூடவே இருங்கள்.