டர்போ கார் வாங்கியதும் முதல் செலவு டயருக்குத்தான்

நம்ம பக்கம் போலோ ஜிடி, ஐ20 என் லைன், ஆல்ட்ராஸ் ரேசர் மாதிரி டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளிச் சக்தியைக் கூட்டும் அமைப்பு) வண்டி வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, சாவி கைக்கு வந்ததுமே ரீமேப் பண்ண, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிச் சக்தியைக் கூட்டக் கிளம்புவது. ஐ20 என் லைனும் ரேசரும் கம்பெனியிலிருந்தே 120 குதிரைத்திறனோடு வந்தவை, நம் ரோட்டுக்கு அது தாராளம். அந்தக் காசை டயருக்கும் பிரேக்குக்கும் போடுங்கள்.

போலோ இங்கே 2022-லேயே நின்றுவிட்டது, இப்போது கிடைப்பதெல்லாம் பழைய வண்டிதான். அப்படியொரு வண்டியைப் பார்க்கப் போனால் பானெட்டைத் திறக்கும் முன் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம் தயாரானது. ரோட்டைப் பிடிக்கும் பட்டன் ஆழமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், நம்மூர் வெயிலில் வருஷக்கணக்காக நின்ற ரப்பர் இறுகிப்போயிருக்கும், குற்றால சீசன் சாரலில் பிரேக் அடித்தால் வழுக்கும். காற்றையும் காலையில் வண்டி எடுக்கும் முன்பே பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும், அதை நம்பி இறக்கிவிட்டால் டயர் இன்னும் சூடாகும்.

அடுத்தது ஆனி, ஆடிக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்குக் காவல்கிணறு, பணகுடி பக்கம் நாற்கரச் சாலையில் மறைப்பே கிடையாது. நாகர்கோவிலிலிருந்து நெல்லைக்கு வரும்போது இடப்பக்கம் போகும் லாரி காற்றை மறைத்துக்கொண்டிருக்கும், அதைத் தாண்டி மூக்கை நீட்டிய அந்த நொடியில் வண்டியை மீடியன் பக்கம் ஒரே தள்ளாகத் தள்ளும். ஒற்றைக் கையில் ஸ்டியரிங் பிடித்து ஓவர்டேக் பண்ணுகிற வேலையெல்லாம் அங்கே வேண்டாம்.

செங்கோட்டையிலிருந்து கேரளா போகும் மலைச்சாலையில், புளியரை எஸ் வளைவில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்காரர்கள் (ரெண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும் ஆட்டோமேட்டிக்) கவனமாக இருக்க வேண்டும். ஐ20 என் லைனிலும் பழைய 1.2 போலோ ஜிடியிலும் இருப்பது ஆயிலில் நனையாத கிளட்ச். மேட்டில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்திவைத்தால், கிளட்ச் வெந்துவிடும். பிரேக்கை முழுசாக மிதித்து நில்லுங்கள், முன்னால் நல்ல இடைவெளி விழுந்த பிறகு ஒரே மூச்சில் நகருங்கள், பின்னால் ஹாரன் அடிக்கிறவன் அடித்துவிட்டுப் போகட்டும். இறங்கும்போது மேனுவல் மோடில் கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வேகத்தைப் பிடியுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

குளிர்ந்த இன்ஜினை உடனே முறுக்காதீர்கள். வேகமாக ஓடி வந்து டீக்கடையில் நிறுத்துவதாக இருந்தால் கடைசி ரெண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள், டர்போ ஆறட்டும். வண்டியைத் தாழ்த்தவும் வேண்டாம், நம் ஊர்களில் பெயின்ட் அடிக்காத வேகத்தடைதான் அதிகம், அடிப்பாகம் தட்டும். சைலன்சரை மாற்றினால் போலீஸ் அபராதம். அப்புறம், எந்த மாற்றம் பண்ணினாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள், மறைத்தால் கிளைம் நேரத்தில் கையை விரித்துவிடுவார்கள்.