சென்னையில் எந்த ஏரியாவில் ரூம் போடலாம்? குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

"சென்னைக்குப் போறோம், எங்க தங்கலாம்?" என்று கேட்கிற சொந்தக்காரர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "காலையில எத்தனை மணிக்கு எங்க நிக்கணும்? கூட யாரு வர்றா?" வாடகைப் பேச்செல்லாம் அதற்கு அப்புறம். ஐநூறு ரூபாய் மிச்சம் என்று வேளச்சேரியில் ரூம் போட்டுவிட்டு, காலை ஏழு மணி ஆஸ்பத்திரி டோக்கனுக்கு நுங்கம்பாக்கம் ஓடினால் அந்த ஐநூறு ஆட்டோவிலேயே போய்விடும்.

எங்களுக்குத் தூத்துக்குடி. அத்தையின் கண்ணுக்காக நுங்கம்பாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வருஷா வருஷம் போகிறோம். அங்கே போகும் வழி பெரிசில்லை, திரும்பும் வழிதான் பெரிசு. சொட்டு மருந்து விட்ட பிறகு அத்தைக்கு மத்தியானம் வரை கண் கூசும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடியபடி என் கையைப் பிடித்துத்தான் நடப்பார். அந்த நிலையில் அவரை வெயிலில் நிறுத்தி பஸ் பிடிக்க முடியாது. அதனால் ஒரே ஆட்டோவில், கால் மணி நேரத்தில் வந்து படுக்கிற தூரத்துக்குள் ரூம் இருக்க வேண்டும்.

நுங்கம்பாக்கத்துக்குள்ளேயே தேடினால் வாடகை தாங்காது. நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்குங்கள், அதுதான் சூளைமேடு. இது சம்பளக்காரர்களும் கல்லூரிப் பையன்களும் குடியிருக்கிற ஏரியா. சந்துகள் குறுகல், ஆனால் காலை ஆறு மணிக்கே இட்லிக் கடையில் ஆவி பறக்கும், மருந்துக் கடைக்கும் பழக்கடைக்கும் அலைய வேண்டாம். மீன் குழம்பு போடுகிற மெஸ்ஸும் உண்டு. எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் மீன் இல்லையென்றால் மாமா பேச மாட்டார், அதனால் இதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. எழும்பூரில் இறங்கி லோக்கல் ரயிலில் சேத்துப்பட்டு தாண்டினால் நுங்கம்பாக்கம் வந்துவிடும்.

உங்கள் வேலை வேறாக இருந்தால் ஏரியாவும் வேறு. கிரீம்ஸ் ரோடு பக்கம் வைத்தியம் என்றால் அங்கேயே நோயாளிகளோடு வருகிறவர்களுக்காக விடுதிகள் இருக்கின்றன. வங்காளத்திலிருந்து நிறையப் பேர் வருவதால் பெயர்ப்பலகையே வங்காள எழுத்தில் இருக்கும். விமானத்தில் வருகிறவர்கள் அங்கே போக நீல வழி மெட்ரோவில் ஏறி, மாறாமல் ஆயிரம் விளக்கில் இறங்கலாம்.

கல்யாண ஜவுளிக்கு தி.நகர் போகிறீர்களா? தி.நகருக்குள் ரூம் போடாதீர்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேற்கு மாம்பலத்தில் போடுங்கள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை 2023-இல் ஆகாய நடைபாதை திறந்துவிட்டார்கள், ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் பையைத் தூக்கிக்கொண்டு முட்ட வேண்டாம். மேற்கு மாம்பலத்தில் சைவச் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. மழைக்காலத்தில் மட்டும் யோசியுங்கள், தி.நகருக்குப் போகிற துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வண்டி சுற்றித்தான் வரணும்.

மார்கழிக் கச்சேரிக்கு மயிலாப்பூர், மந்தைவெளி. பங்குனியில் அறுபத்துமூவர் நாளன்று மட்டும் மாட வீதிக்குள் பெட்டியோடு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆட்டோ உள்ளே வராது. அந்த ஊர்வலத்தைப் பார்க்கவே வருகிறவர்கள் முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரைக்கு நல்லது, மற்ற எல்லாவற்றுக்கும் தூரம், ரயிலும் கிடையாது. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தனி ஆண்களுக்கு, சேப்பாக்கத்தில் மேட்ச் இருந்தால் அதுவும் கிடைக்காது. எழும்பூர் கென்னட் லேன் லாட்ஜ்கள் ஒரு ராத்திரிக்குப் போதும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நவம்பர், டிசம்பரில் வேண்டவே வேண்டாம். 2015-லும் 2023-லும் அங்கே படகு விட்டதை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

ஏரியா முடிவானதும் தெருவைப் பாருங்கள். கூகுள் மேப்பில் தெருவின் படம் வரும், அதில் மூன்றைத் தேடுவேன்: கார் உள்ளே திரும்புமா, முக்கில் மருந்துக் கடை உண்டா, இஸ்திரி வண்டி நிற்கிறதா. இஸ்திரி வண்டி நிற்கிற தெருவில் குடும்பங்கள் இருக்கும், பகலெல்லாம் ஆள் நடமாட்டமும் இருக்கும். டாஸ்மாக் எத்தனை தூரம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் தெரு முழுக்க நீலத் தகரத் தடுப்பு தெரிந்தால் மெட்ரோ வேலையாக இருக்கலாம், போகிற வாரம் அது எப்படி இருக்கிறது என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

பிறகு போன். மெசேஜ் போதாது, பேசுங்கள். லிஃப்ட் உண்டா, கரண்ட் போனால் அது ஓடுமா? வெஸ்டர்ன் டாய்லெட்டா? குளிக்க வருவது போர் தண்ணியா, லாரித் தண்ணியா? கடலோர ஏரியாக்களில் சில போர்களில் உப்பு கரிக்கும், தலை குளித்தால் மறுநாள் சிக்குதான். சமைக்கலாமா, மீன் சமைக்கலாமா? இதைக் கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள். "சமைங்க, ஆனா கவுச்சி கூடாது" என்று சொல்கிற வீடுகள் உண்டு, போய் இறங்கிய பிறகு தெரிந்தால் இரண்டு பக்கமும் சங்கடம். அபார்ட்மெண்டில் நாள் வாடகைக்கு விடுகிறார்கள் என்றால், அசோசியேஷனுக்குத் தெரியுமா என்றும் கேளுங்கள். தெரியாமல் விடுகிற வீட்டில், "யாராவது கேட்டா என் சித்தி வீடுன்னு சொல்லுங்க" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அத்தையை வைத்துக்கொண்டு அந்த நாடகமெல்லாம் எனக்கு ஆகாது, அடுத்த வீட்டுக்கு போன் போட்டுவிடுவேன்.

விலாசம் வாங்கும்போது பழைய எண், புதிய எண் இரண்டையும் வாங்குங்கள். சென்னையில் ஒரே தெருவில் ஒரு வீட்டின் பழைய எண்ணும் இன்னொரு வீட்டின் புதிய எண்ணும் ஒன்றாக இருக்கும். ஆட்டோக்காரர் சரியான எண்ணிலேயே நிறுத்துவார், வீடு மட்டும் வேறாக இருக்கும். கூடவே "எந்தக் கடைக்கு எதிரே?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் வேலை சுலபம்.

தெற்கேயிருந்து வருகிற நமக்கு இன்னொரு கணக்கு உண்டு. பஸ் என்றால் 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில்தான் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து ஊருக்குள் வர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. முத்துநகர் எக்ஸ்பிரஸ் ரயிலில் வந்தால் காலையிலேயே எழும்பூர். ஆனால் ரூம் சாவி பன்னிரண்டு மணிக்குத்தான் என்பார்கள். முன்கூட்டியே பேசி, அரை நாள் வாடகை சேர்த்துக் கொடுத்தாவது காலை எட்டு மணிக்குச் சாவி வாங்கிவிடுங்கள். வயதானவர்களைப் பெட்டியோடு வரவேற்பு நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார வைப்பதற்கு அந்தக் காசு போகட்டும்.