மூன்று சக்கர பைக்குக்கு டயர் மாற்றப் போகிறீர்களா?

டயர் விலையை மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். கழற்றி மாட்டும் கூலி, வால்வு, பேலன்சிங் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.

கேன்-ஆம் ஸ்பைடர் மாதிரி பின்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டியில் இழுவை முழுக்க அந்த ஒரு டயர்மேல்தான். முன் டயர்களைவிட அது சீக்கிரம் தேயும். அதைக் கழற்ற, இன்ஜின் விசையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டைத் தளர்த்தி, திரும்ப நேராக வைக்க வேண்டும். கூலி ஏறுவது இங்கேதான். சக்கரத்தை நீங்களே கழற்றிக் கொண்டுபோனால் மிச்சம்தான், பெல்ட்டைச் சரியான இறுக்கத்தில் வைக்கத் தெரிந்திருந்தால்!

பின்னால் இரட்டைச் சக்கரமா? ஜோடியாகவே மாற்றுங்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள தேதிக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரத் தயாரிப்பு. தள்ளுபடி என்று பழைய சரக்கைத் தலையில் கட்டிவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள்.