பார்வோ வைரஸ்: வீட்டில தலசீமியா, கீமோ, கர்ப்பம் எண்டு ஆராவது இருந்தா என்ன பார்க்கணும்

முதல்ல ஒண்டு, நாய்க்குட்டிக்கு ஊசி போடுறமே அந்த பார்வோ வேற. அது மனுசருக்கு வராது, நாயை துரத்த வேண்டாம். இது மனுசருக்கு மட்டும் வாற பார்வோவைரஸ் பி19, 1975ல லண்டன்ல ரத்த சாம்பிள் சோதிக்கேக்க கண்டுபிடிச்சது.

ஸ்கூல் பிள்ளைகளுக்கு லேசா காய்ச்சல், தடிமன், பிறகு கன்னம் ரெண்டும் அறைஞ்ச மாதிரி சிவக்கும், அவ்வளவு தான். பெரியாக்களுக்கு விரல், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் நோகும், கொழும்பில நாங்க உடனே டெங்கு, சிக்குன்குனியா எண்டு தான் நினைப்பம், அது பிழையும் இல்ல, டெங்கு இல்லை எண்டு தெரியும் வரைக்கும் பனடோல் தவிர வேற நோக்குளிசை எடுக்காதீங்க.

பிரச்சினை எங்க எண்டா, இந்த வைரஸ் எலும்பு மச்சைக்குள்ள போய் செங்குழியம் உண்டாகிறதை ஒரு கிழமை பத்து நாளுக்கு நிப்பாட்டிடும். சாதாரண ஆளுக்கு ஒரு செங்குழியம் 120 நாள் அளவில இருக்கும், அதால தெரியவே தெரியாது, மேல பெரிய டேங்க் இருக்கிற வீட்டுக்கு மோட்டர் பழுதானது தெரியாத மாதிரி. ஆனா தலசீமியா, சிக்கிள் செல் மாதிரி ரத்த வருத்தம் உள்ளாக்களுக்கு செங்குழியம் சீக்கிரம் அழியும், சிக்கிள் செல்லில 10, 20 நாள் தான், அப்ப கொஞ்ச நாளிலயே ஹீமோகுளோபின் கிடுகிடுவெண்டு இறங்கிடும். (தலசீமியா கரியர், அதாவது மரபணு மட்டும் இருந்து வருத்தம் இல்லாத ஆள் எண்டா பொதுவா இந்தப் பயம் இல்ல.)

அதால ரேஷை பார்த்துக்கொண்டு இருக்காதீங்க, கீழ் இமையை இழுத்துப் பாருங்க, வெளிறி இருக்கா, ரெண்டு படி ஏற மூச்சு வாங்குதா, பிள்ளை விளையாடாம சுருண்டு படுக்குதா, அப்பிடி எண்டா அண்டைக்கே ஆஸ்பத்திரி, சனல் பண்ணி நாளைக்கு எண்டு இழுக்க வேண்டாம், ஏலாட்டி 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் வரும். கிளினிக் புக்கை மறக்காம கொண்டு போங்க. எஃப்பிசி (ரத்த அணுக்களை எண்ணுற டெஸ்ட்) ரிப்போர்ட் வந்தா எங்கட கண் நேரா பிளேட்லட்டுக்கு தான் போகும், இதில ஹீமோகுளோபினை பழைய ரிப்போர்ட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. டெங்குவில பிசிவி (ரத்தத்தில செங்குழியம் எத்தனை வீதம் எண்ட அளவு) ஏறுதோ எண்டு பயப்படுவம், இதில இறங்கும். ரெட்டிக்குலோசைட் கவுண்டும் (புதுசா உண்டான செங்குழியத்தின்ட எண்ணிக்கை) பார்க்கலாமா எண்டு டொக்டர்ட்ட கேளுங்க, அது பூச்சியத்துக்கு கிட்ட இருந்தா உற்பத்தி நிண்டிட்டுது எண்டு அர்த்தம். பெரும்பாலும் ரத்தம் ஏத்தினா சமாளிச்சிடலாம், பிறகு மச்சை தானா வேலை தொடங்கும். பீட்ரூட் ஜூஸ், இரும்பு டொனிக் எல்லாம் இதுக்கு வேலை செய்யாது, தலசீமியா உள்ளாக்களுக்கு ஏற்கனவே உடம்பில இரும்பு கூட, தயவுசெய்து நீங்களா குடுக்காதீங்க.

கீமோ எடுக்கிறாக்கள், கிட்னி மாத்தினாக்கள், எச்ஐவி உள்ளாக்களுக்கு கதை வேற. ரேஷ் வாறதே உடம்பு எதிர்த்து நிக்கிறதால தான், எதிர்ப்பு சக்தி குறைவெண்டா ரேஷே வராம மாசக்கணக்கா ரத்தசோகை மட்டும் இழுபடும். அன்டிபொடி டெஸ்டும் நெகட்டிவ் எண்டு ஏமாத்தலாம், பிசிஆர் தான் காட்டும். சில பேருக்கு இம்யூனோகுளோபுலின் (மற்றாக்கள்ட ரத்தத்தில இருந்து எடுத்த அன்டிபொடி) ஏத்துவாங்க. மருந்தை நீங்களா நிப்பாட்ட வேண்டாம், கிளினிக்ல கேட்டு செய்யுங்க.

கர்ப்பிணி எண்டா, முக்கியமா முதல் 20 கிழமைக்குள்ள, மூத்த பிள்ளைக்கோ படிப்பிக்கிற வகுப்பிலயோ வந்திருந்தா கிளினிக்ல சொல்லுங்க. ரத்த டெஸ்டில ஏற்கனவே வந்து போனது தெரிஞ்சா பயமில்ல. புதுசா தொத்தியிருந்தா பிள்ளைக்கு ரத்தம் குறையுதா எண்டு ஸ்கேன்ல பார்த்துக்கொண்டே இருப்பாங்க, கூடுதலான பிள்ளைகள் சுகமா தான் பிறக்குது.

தடுப்பூசி இல்ல, வைரஸை கொல்லுற மருந்தும் இல்ல. கன்னம் சிவக்கிற நேரம் அந்த பிள்ளை பரப்பி முடிச்சிருக்கும், பிறகு பூட்டி வைச்சு பிரயோசனம் குறைவு. சானிடைசரை விட சோப் போட்டு கை கழுவுறது தான் இதுக்கு நல்லம். ஆனா ரத்தம் இறங்கி வார்ட்டுக்கு போற தலசீமியா ஆளோ கீமோ ஆளோ இன்னும் நல்லா தொத்தக் கூடியவர், அதால அட்மிட் பண்ணேக்கயே பார்வோ சந்தேகம் எண்டு நர்ஸ்ட்ட சொல்லுங்க, கட்டில் குடுக்க முதலே சொன்னா தனியா ஒரு இடத்தில போடுவாங்க.