அலையே இல்லாத இடத்தில் இறங்காதீர்கள்

கோவளத்தில் சர்ஃபிங் கற்றுக்கொடுக்கிறேன். நான் அன்று செய்த கூத்தையெல்லாம் இன்று புதிதாக வருபவர்கள் செய்கிறார்கள். நீச்சல் தெரியாமல் இறங்காதே, குடித்துவிட்டு இறங்காதே என்பதெல்லாம் தெரிந்த கதை. அலையைத் தப்பாகப் பார்ப்பவர்களுக்காகத்தான் இது.

அமைதியாகத் தெரியும் இடைவெளியில் இறங்குவது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. கரையை நெருங்க நெருங்க ஆழம் குறையும், அலையின் வேகமும் குறையும், உயரம் கூடும். சரிவான மணல் கரையில், அலையின் உயரத்தைப்போல சுமார் 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அது உடைந்துவிடும். 1 மீட்டர் அலைக்கு நெஞ்சளவு தண்ணீர். அதனால் நுரை தெரிந்தால் அடியில் மேடு. இரண்டு பக்கமும் நுரையடித்து நடுவில் மட்டும் சும்மா கிடந்தால், அங்கே பள்ளம். கரையேறிய தண்ணீர் அந்தப் பள்ளம் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். அந்த இழுப்பு வேகம் பிடித்தால் விநாடிக்கு 2 மீட்டரைத் தொடும். அதை எதிர்த்து யாரும் நீந்த முடியாது.

ஒருநாள் ஒரு அப்பா, நுரைக்குள் ஆடிக்கொண்டிருந்த தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “அங்கே அலை அடிக்குது, இங்கே வாங்க” என்று சரியாக அந்தப் பள்ளத்துக்கே அழைத்துப்போனார். விசில் ஊதியும் திரும்பவில்லை. சின்னவனுக்குக் கால் தரையை விட்டுவிட்டது. போர்டோடு போய்த் தூக்கிவந்தேன். “இங்கே அலையே இல்லையே சார்” என்றார். அதுதான் சார் பிரச்சினை!

கலங்கிய தண்ணீரும் நுரையும் கடலை நோக்கி நகர்ந்தால் அது இழுப்பு. மாட்டிக்கொண்டால் கரைக்கு நேராக நீந்தாமல், மிதந்து, கையைத் தூக்கிக் காட்டுங்கள். நீந்தத் தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் போய் நுரை இருக்கும் பக்கம் திரும்புங்கள்.

செங்குத்தான கரையில் தலைகீழாகப் பாய்வது

கழுத்து போகும்.

காற்றில்லாத நாளை நம்புவது

மெல்லிய சரிவில் அலை மேலிருந்து நுரைத்து வழியும். சரிவு கூடினால் சுருண்டு, முழங்கால் தண்ணீரில் மொத்தமாக விழும். ஆனால் கரை மட்டும் பார்த்தால் போதாது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிப் புயல்கள் கிளப்பும் நீண்ட அலைகள், இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து சேரும். ஆழமான இடத்தில் தாழ்ந்து தெரிந்து, கரையருகே எழும். கள்ளக்கடல் என்று சொல்வது இதைத்தான். 2024 மே மாதம் குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் இறந்தது, கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். இறங்குமுன் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) அறிவிப்பைப் பாருங்கள்.

நேற்று பார்த்த மேட்டை நம்புவது

ஒரே இரவில் நகர்ந்திருக்கும்.