ஈர்ப்பலையை உங்கள் லேப்டாப்பிலேயே தேடிப் பிடிப்பது எப்படி?

விண்வெளியையே நீட்டிச் சுருக்கிக்கொண்டு பரவும் அலைதான் ஈர்ப்பலை. அதைப் பிடிக்கும் லைகோ மாதிரி ஒரு கருவியை நாம் கட்ட முடியாது, ஆனால் அது பதிந்த தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு லேப்டாப்பும் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழியும் இருந்தால் இரண்டு கருந்துளைகள் ஒன்றான கணத்தை நீங்களே தேடி எடுக்கலாம்.

முதலில் 2015 செப்டம்பர் 14 நிகழ்வையே எடுங்கள். முதன்முதலாகச் சிக்கியது அதுதான், நல்ல பலமான சிக்னலும்கூட. ஈர்ப்பலைத் திறந்த அறிவியல் மையத்தின் தளத்தில் லைகோவின் ஹான்ஃபோர்ட், லிவிங்ஸ்டன் நிலையங்கள் இரண்டுக்கும் 32 நொடிக் கோப்புகள் இருக்கும், நொடிக்கு 4096 அளவீடுகள் உள்ளதை இறக்குங்கள். திறக்கவும் வரையவும் ஜிடபிள்யூபை (GWpy) என்ற பைத்தான் தொகுப்பு போதும்.

அப்படியே வரைந்தால் ஒன்றும் தெரியாது. மெதுவாக ஏறி இறங்கும் பெரிய அலை ஒன்றுதான் இருக்கும், அது தாழ்ந்த அதிர்வெண் இரைச்சல். நம் சிக்னலோ உச்சத்தில்கூட கருவியில் லேசர் ஓடும் 4 கிலோமீட்டர் நீளக் கையை ஒரு புரோட்டானின் அகலத்தில் சில நூறில் ஒரு பங்குதான் அசைத்தது. அதிர்வெண் வாரியாகப் பிரித்தால் இரைச்சலின் முகம் தெரியும்: 60 ஹெர்ட்ஸில் நிற்கும் கூர்முனை அமெரிக்க மின்சாரம், 500 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் கொத்து கண்ணாடிகளைத் தாங்கும் இழைகளின் அதிர்வு.

சரி, இனி வைட்டனிங், அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணையும் அங்கே வழக்கமாக இருக்கும் இரைச்சல் அளவால் வகுப்பது. அந்த அளவைக் கணக்கிட முழு 32 நொடியையும் கொடுங்கள், அரை நொடியை மட்டும் கொடுத்தால் சிக்னலும் இரைச்சல் கணக்கில் சேர்ந்து கரைந்துவிடும். அப்புறம் 35 முதல் 350 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டுவைத்து, 1126259462.4 என்ற ஜிபிஎஸ் நேரத்தை (நொடிகளாகவே எண்ணும் கணக்கு) சுற்றிப் பாருங்கள். சுமார் 0.2 நொடிக்குள் அலை விறுவிறுவென நெருங்கி, உயர்ந்து, சட்டென அடங்கும். ஹான்ஃபோர்ட் கோட்டைத் தலைகீழாக்கி 7 மில்லிநொடி முன்னால் நகர்த்தினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிற இடம் இது.

பலவீனமான சிக்னல்களுக்குக் கண் போதாது, மேட்ச்டு ஃபில்டர் வேண்டும், அதாவது எதிர்பார்க்கும் அலையின் மாதிரியை (டெம்ப்ளேட்) தரவின்மேல் ஓட்டி எங்கே பொருந்துகிறது என்று பார்ப்பது. அதற்குப் பைசிபிசி (PyCBC) என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது. கருந்துளைகளின் நிறை 36, 29 சூரியன்கள் என்று படித்திருப்பீர்கள், ஆனால் டெம்ப்ளேட்டில் சுமார் 39, 32 என்று கொடுங்கள், ஏனென்றால் பிரபஞ்ச விரிவு அலையை நீட்டி நிறையைக் கூட்டிக் காட்டுகிறது.

பொருத்தத்தில் உச்சம் வந்ததும் நம்பிவிடாதீர்கள். ஒளி இரண்டு நிலையங்களுக்கும் இடையே போக 10 மில்லிநொடி ஆகும், உண்மையான சிக்னல் அந்த இடைவெளிக்குள் இரண்டிலும் வந்தாக வேண்டும். எனவே ஒரு கருவியின் தரவை அதைவிட அதிகமாக நகர்த்திவிட்டு மறுபடி தேடினால் ஒத்துப்போவதெல்லாம் தற்செயல்தான். லைகோ குழு 16 நாள் தரவை இப்படி நகர்த்தி நகர்த்திப் பார்த்துத்தான், இவ்வளவு பலமான தற்செயல் 2,03,000 ஆண்டுகளில் ஒருமுறைகூட எதிர்பார்க்க முடியாதது என்று சொன்னது.

இதையெல்லாம் முடித்த பிறகு 2017 ஆகஸ்ட் 17 நியூட்ரான் விண்மீன் மோதலுக்குப் போங்கள். சிக்னல் சுமார் 100 நொடி நீளம், ஆனால் லிவிங்ஸ்டனில் மோதலுக்கு ஒரு நொடி முன்னால் பெரிய இரைச்சல் வெடிப்பு ஒன்று குறுக்கே நிற்கும், அதை நீக்கிய கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.